இரண்டு சொல் இடைவெளி

அமெரிக்கப் பள்ளிக்கூடங்களில் தினமும் காலையில் கொடியைப் பார்த்துச் சொல்லும் உறுதிமொழியில் 31 ஆங்கிலச் சொற்கள் இருக்கின்றன. அவற்றில் இரண்டு, 1954-ல் சட்டம் போட்டுச் சேர்த்தவை. 'ஒன் நேஷன்' என்பதற்கும் 'இன்டிவிசிபிள்' என்பதற்கும் நடுவே 'அண்டர் காட்' வந்து உட்கார்ந்தது. தேசம் கடவுளின் கீழ் இருக்கிறது என்று ஐந்து வயதுக் குழந்தை முதல் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை வரை நெஞ்சில் கை வைத்துச் சொல்கிறார்கள்.

நியூஜெர்சியில் எடிசன் பக்கத்தில் ஒரு அரசுத் தொடக்கப் பள்ளியில் வகுப்பறை உதவியாளராகப் பல வருடம் வேலை பார்த்தேன். ஆங்கிலம் இன்னும் பிடிபடாத பிள்ளைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பது என் வேலை. காலை மணி அடித்ததும் சுவரிலிருக்கும் ஒலிபெருக்கி கரகரக்கும். அலுவலகத்திலிருந்து யாராவது ஒரு மாணவர் உறுதிமொழியைத் தொடங்குவார். கரும்பலகைக்கு மேலே, இரும்புப் பிடியில் சாய்த்துச் செருகிய சின்னக் கொடியைப் பார்த்து எல்லாரும் நிற்போம். அர்த்தம் தெரிந்து சொல்கிறவர்கள் குறைவு. ஆனால் தாளம் எல்லோருக்கும் தெரியும். 'ஒன் நேஷன்' என்றதும் வகுப்பே ஒரு மூச்சு வாங்கும். பிறகு அந்த இரண்டு சொல். மறுபடி ஒரு மூச்சு. அந்த இரண்டு மூச்சுக்கும் நடுவில் யார் வாய் அசைகிறது, யார் வாய் மூடியிருக்கிறது என்பது முன்னால் நிற்கிற எனக்கு நன்றாகத் தெரியும்.

அந்தத் தாளம் முதலில் அப்படி இல்லை என்று எனக்குச் சொன்னவர் எங்கள் பள்ளியின் மூத்த ஆசிரியை ஒருவர். பென்சில்வேனியாவில் பிறந்தவர். 1954 கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்குப் போனபோது அவருக்குப் பத்து வயது. கரும்பலகையில் உறுதிமொழியை முழுக்க எழுதி, புதுச் சொல் இரண்டை மட்டும் வண்ணச் சாக்பீஸால் எழுதியிருந்தாராம் அவருடைய டீச்சர். ஐந்து வருடம் ஒரே மூச்சில் சொல்லிப் பழகிய வாய்க்கு அது லேசில் வரவில்லை. பாதி வகுப்பு பழையபடி ஓடிவிடும், பாதி வகுப்பு நின்று சொல்லும், இரண்டு குரலும் மோதிக்கொள்ளும். அதைச் சொல்லிச் சிரிப்பார். தினமும் தேவாலயத்துக்குப் போகிற கத்தோலிக்கர் அவர். "நாங்கள் யாரும் கேட்கவில்லை, ஏன் மாற்றினார்கள் என்று. கடவுளைப் பற்றிய விஷயம் ஆயிற்றே, யார் கேட்பார்கள்?" என்றார்.

ஏன் மாற்றினார்கள் என்று நான் தேடிப் படித்ததற்கு அவர்தான் காரணம்.

முதல் வடிவத்தை 1892-ல் எழுதியவர் ஃபிரான்சிஸ் பெல்லமி. பாப்டிஸ்ட் சபையில் போதகராக இருந்தவர், கிறிஸ்தவ சோஷலிஸ்ட். அவருடைய பிரசங்கங்களில் சோஷலிசம் அதிகம் என்று சபையில் முணுமுணுப்பு எழ, போதகர் வேலையை விட்டுவிட்டு 'யூத்ஸ் கம்பானியன்' என்ற பத்திரிகையில் சேர்ந்தார். பள்ளிகளுக்குக் கொடி விற்றுக்கொண்டிருந்த பத்திரிகை அது. கொலம்பஸ் வந்து 400 ஆண்டு ஆனதைப் பள்ளிகளில் கொண்டாடுவதற்காக அதில் செப்டம்பர் 8, 1892 அன்று அந்த உறுதிமொழி வெளிவந்தது. என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது இதுதான்: எழுதியவர் வேதம் படித்துப் பட்டம் பெற்றவர், ஞாயிறுதோறும் மேடையில் கடவுளைப் பேசியவர். பிள்ளைகளுக்கு நாட்டின் பெயரால் ஒரு வாக்கு எழுத உட்கார்ந்தபோது அதில் கடவுளை எழுதவில்லை. கொடி, குடியரசு, பிரிக்க முடியாத தேசம், எல்லாருக்கும் சுதந்திரமும் நீதியும் என்று முடித்துக்கொண்டார். விசுவாசம் இல்லாத ஒருவர் எழுதாமல் விட்டிருந்தால் அது வேறு கதை. விசுவாசி ஒருவருக்கே அது அங்கே தேவைப்படவில்லை.

அறுபது வருடம் கழித்துப் பனிப்போர் வந்தது. கத்தோலிக்கர்களின் அமைப்பான நைட்ஸ் ஆஃப் கொலம்பஸ் 1951-லிருந்தே தங்கள் கூட்டங்களில் இந்தச் சொற்களைச் சேர்த்துச் சொல்லி வந்தது. மிச்சிகனைச் சேர்ந்த லூயிஸ் ரபோ 1953-ல் நாடாளுமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தார். அது அப்படியே கிடந்தது. 1954 பிப்ரவரி 7, லிங்கன் பிறந்தநாளை ஒட்டிய ஞாயிறு. வாஷிங்டனில் லிங்கன் தொழுத பிரஸ்பிடேரியன் தேவாலயத்தில், அதிபர் ஐசன்ஹோவர் எதிரே உட்கார்ந்திருக்க, ஜார்ஜ் டோகர்ட்டி என்ற ஸ்காட்லாந்துக்காரர் பிரசங்கம் செய்தார். தன் பிள்ளை பள்ளியில் கற்ற உறுதிமொழியைப் பற்றித்தான் பேச்சு. இதே சொற்களை மாஸ்கோவில் ஒரு குழந்தை அரிவாள் சுத்தியல் கொடியைப் பார்த்தும் சொல்லலாமே, அமெரிக்காவுக்கென்று இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். கடவுள் நம்பிக்கை இல்லாதவன் அமெரிக்கன் என்பதே முரண்பாடு என்ற அளவுக்குப் போனார். நான்கே மாதத்தில், ஜூன் 14 கொடி நாளன்று, ஐசன்ஹோவர் கையெழுத்துப் போட்டார். இரண்டு வருடத்தில் 'இன் காட் வி டிரஸ்ட்' நாட்டின் அதிகாரபூர்வ முழக்கமும் ஆயிற்று.

டோகர்ட்டியின் பேச்சை நான் படித்தேன். நேர்மையான மனிதர் என்றுதான் தோன்றியது. தான் நம்பியதைச் சொன்னார். ஆனால் அந்தப் பேச்சில் கடவுளுக்குக் கொடுத்த வேலை, நம்மையும் ரஷ்யாக்காரனையும் பிரித்துக் காட்டுவது. நான் கும்பிடுகிற சாமிக்கு அப்படி ஒரு வேலையை என்னால் கொடுக்க முடியாது. மன்னார்குடி ராஜகோபாலசாமி கோயில் பிராகாரத்தில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு சுற்றி வளர்ந்தவள் நான். பிரிட்ஜ்வாட்டரில் வெங்கடேசுவரர் கோயில் திறந்ததிலிருந்து சனிக்கிழமை தவறாமல் போகிறவள். கடவுளை எங்கே வேண்டுமானாலும் வையுங்கள் என்று சொல்லும் கட்சியில் நான் இருந்திருக்க வேண்டும். இல்லாமல் போனதற்கு என் அப்பா காரணம்.

அப்பா கருப்புச் சட்டைக்காரர். திராவிடர் கழகம். மன்னார்குடிக்கு அருகே ஒரு உயர்நிலைப் பள்ளியில் சரித்திர ஆசிரியராகச் சேர்ந்து தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவர். வீட்டில் பூஜை அறை அம்மாவுடையது, புத்தக அலமாரி அவருடையது. ஒன்றில் மற்றவர் கை வைத்து நான் பார்த்ததில்லை.

நான் ஏழாவதோ எட்டாவதோ படிக்கையில், பக்கத்து வீட்டுப் பாகப்பிரிவினை வழக்கில் அப்பா சாட்சி சொல்லப் போனார். விடுமுறை நாளானதால் என்னையும் அழைத்துப் போனார். முன்சீப் கோர்ட்டில் டவாலி பெயரைக் கூப்பிட, கூண்டில் ஏறினார். பெஞ்ச் கிளார்க் பழக்கத்தில், கடவுள் பெயரால் சொல்லும் வாசகத்தை எடுத்துக் கொடுத்தார். அப்பா, "அய்யா, நான் உறுதி கூறுகிறேன்" என்றார். அவ்வளவுதான் பேச்சு. முன்சீப் தலையைக்கூடத் தூக்கவில்லை. கிளார்க் அதே அட்டையில் அடுத்த வரிக்கு விரலை நகர்த்தி அதைச் சொன்னார். அப்பா திருப்பிச் சொன்னார். வக்கீல் எழுந்து கேள்வியை ஆரம்பித்துவிட்டார். அன்று அந்த அட்டையை நான் எட்டி எட்டிப் பார்த்தேன். பழுப்பேறிய காகிதத்தில் தட்டச்சு செய்து அட்டையில் ஒட்டியது. இரண்டு வாசகமும் ஒன்றன்கீழ் ஒன்றாக, ஒரே அளவு எழுத்தில் இருந்தன.

அது சும்மா கிடைத்ததில்லை என்று வீட்டுக்கு வரும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். சார்லஸ் பிராட்லா 1880-ல் நார்தாம்ப்டன் தொகுதியில் ஜெயித்துப் பிரிட்டிஷ் பாராளுமன்றத்துக்குப் போனார். கடவுள் பெயரால் ஆணையிடுவதற்குப் பதில் உறுதி கூறுகிறேன் என்றதற்கு உள்ளே விடவில்லை. தொகுதி மக்கள் திரும்பத் திரும்ப அவரையே தேர்ந்தெடுத்து அனுப்பினார்கள். 1886-ல்தான் இருக்கையில் உட்கார முடிந்தது. 1888-ல் அவரே முன்னின்று, உறுதி கூறும் உரிமையைச் சட்டமாக்கினார். அந்த வருடங்களில் சென்னையில் பிராட்லாவைப் பின்பற்றியவர்கள் 'தத்துவ விவேசினி' என்று ஒரு தமிழ்ப் பத்திரிகையே நடத்தினார்கள் என்று சொல்லும்போது அப்பாவின் குரலில் ஒரு பெருமிதம் இருக்கும். லண்டனில் நடந்த போராட்டத்தின் பலனை மன்னார்குடிக் கூண்டில் நின்று தான் அனுபவித்ததாகத்தான் அவர் நினைத்தார்.

நம் அரசியல் சாசனத்தின் மூன்றாவது அட்டவணையிலும் அதே ஏற்பாடுதான். அமைச்சர், எம்.எல்.ஏ., நீதிபதி, யாராக இருந்தாலும் கடவுள் பெயரால் ஆணையிடலாம், உளமார உறுதியும் கூறலாம். சாசனத்தின் முகப்புரையைக் கடவுளின் பெயரால் என்று தொடங்க வேண்டும் என எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டுவந்தார். ஆதரவு 41, எதிர்ப்பு 68. எதிர்த்தவர்களில் பக்தர்கள் நிறைய இருந்தார்கள். நாங்கள் பள்ளி வழிபாட்டுக் கூட்டத்தில் வலது கையை நீட்டிச் சொன்ன உறுதிமொழி, இந்தியா என் நாடு என்று தொடங்குவது, பைடிமரி வெங்கட சுப்பாராவ் என்ற தெலுங்கர் 1962-ல் எழுதியது. அதிலும் கடவுள் இல்லை. அம்மாவுக்கோ எனக்கோ அது ஒரு குறையாகத் தோன்றியதே கிடையாது.

அப்பாவைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் தலைமையாசிரியராக இருந்தபோது யெகோவா சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் இரண்டு பேர், அக்காவும் தம்பியும், அந்தப் பள்ளியில் படித்தார்கள். தேசிய கீதம் பாடும்போது எழுந்து நிற்பார்கள், பாட மாட்டார்கள். ஆசிரியர்களில் சிலருக்கு அது பொறுக்கவில்லை. பாட வையுங்கள், இல்லாவிட்டால் டி.சி. கொடுத்து அனுப்புங்கள் என்று அப்பாவிடம் வந்து நின்றார்கள். கடவுளே இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர், கடவுளுக்காகவே பாட மறுக்கும் பிள்ளைகளைக் காப்பாற்றும் நிலை. "நிக்கிறாங்கள்ல? மரியாதை கொடுக்கிறாங்கள்ல? வேற என்ன வேணும் உங்களுக்கு?" என்று கேட்டதோடு முடித்துவிட்டார். 1986 ஆகஸ்டில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. கேரளத்தில் இதே காரணத்துக்காகப் பள்ளியைவிட்டு நீக்கப்பட்ட பிஜோ இம்மானுவேல், அவன் சகோதரிகள் இருவர், மூவரையும் திரும்பச் சேர்க்கச் சொன்னார் நீதிபதி சின்னப்ப ரெட்டி. அப்பா அந்தச் செய்தியைப் பத்திரிகையிலிருந்து வெட்டி ஆசிரியர் அறைப் பலகையில் தன் கையாலேயே குத்தி வைத்தார்.

அந்தத் தீர்ப்பில் அமெரிக்க வழக்குகள் எடுத்துக்காட்டப்பட்டிருக்கின்றன என்பது எனக்கு எடிசன் வந்த பிறகுதான் தெரிந்தது. அவையும் யெகோவா சாட்சிகளின் பிள்ளைகள் தொடர்பானவைதான். பென்சில்வேனியாவில் மைனர்ஸ்வில் என்ற ஊர்ப் பள்ளியில் லிலியன், வில்லியம் என்ற அக்காவும் தம்பியும் கொடி வணக்கம் செய்ய மறுத்து 1935-ல் நீக்கப்பட்டார்கள். 1940-ல் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று பள்ளி பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குப் பின்னால் நாடு முழுக்க அந்தச் சபையினர் அடிவாங்கினார்கள். மெய்ன் மாநிலத்தில் அவர்களுடைய கூடம் ஒன்று கொளுத்தப்பட்டது. மூன்றே வருடத்தில் நீதிமன்றம் தன் தீர்ப்பைத் தானே மாற்றிக்கொண்டது. மேற்கு வர்ஜீனியா வழக்கில் 1943 ஜூன் 14 அன்று, உலகப் போர் உச்சத்தில் இருந்த நேரத்தில், எந்தப் பிள்ளையையும் உறுதிமொழி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று நீதிபதி ஜாக்சன் எழுதினார். இன்றுவரை அமெரிக்கப் பள்ளிகளில் அதுதான் சட்டம். நியூஜெர்சியில் சொல்லாத பிள்ளை எழுந்து நிற்கவாவது வேண்டும் என்ற விதி இருந்தது. 1978-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதையும் எடுத்துவிட்டது.

சட்டம் இருக்கிறது. வகுப்பறையில் அது எப்படி இருக்கிறது என்பதைச் சொல்கிறேன்.

2001 செப்டம்பரில் என் மகள் முதல் வகுப்பில் சேர்ந்திருந்தாள். கோபுரங்கள் விழுந்த அந்த வாரத்துக்குப் பிறகு எடிசனில் கொடி இல்லாத வீடு இல்லை. ஓக் ட்ரீ ரோட்டில் மளிகைக் கடை, புடவைக் கடை, நகைக் கடை எல்லாவற்றிலும் கண்ணாடியில் கொடி. துக்கம் உண்மையானது. பயமும் உண்மையானது. அரிசோனாவில் பல்பீர் சிங் சோதி என்ற சீக்கியர் தன் பெட்ரோல் பங்க் வாசலில் சுட்டுக் கொல்லப்பட்ட செய்தி வந்திருந்தது. தாடி வைத்திருந்த நண்பர்கள் மழித்துக்கொண்டார்கள். பள்ளியில் உறுதிமொழி நேரத்தில் குரல் முன்னெப்போதையும் விட ஓங்கி ஒலித்தது. அந்த நாட்களில் ஒரு பிள்ளை வாயை மூடிக்கொண்டு நிற்பது அதன் உரிமை என்று சட்டப் புத்தகம் சொல்லும். எங்கள் பிள்ளைகளை வாசலில் விடும்போது, சத்தமாகச் சொல்லு என்று காதில் சொல்லி அனுப்பிய தாய்மார்களை எனக்குத் தெரியும். நானும் அப்படிச் சொன்னேன்.

அடுத்த ஜூனில் கலிபோர்னியாவிலிருந்து அந்தச் செய்தி வந்தது. மைக்கேல் நியூடோ என்ற அவசர சிகிச்சை மருத்துவர், நாத்திகர், எல்க் குரோவ் ஊரில் பள்ளிக்குப் போகும் தன் மகளுக்காகத் தொடுத்த வழக்கில், 'அண்டர் காட்' சேர்த்தது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று ஒன்பதாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அன்று மாலையே செனட்டில் கண்டனத் தீர்மானம், 99-க்கு பூஜ்யம். கீழவை உறுப்பினர்கள் நாடாளுமன்றப் படிக்கட்டில் கூட்டமாக நின்று உறுதிமொழி சொன்னதைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். அந்த இரண்டு சொல் வரும்போது மட்டும் கத்தினார்கள். கடவுள் பெயரை அப்படி ஒரு தொனியில் உச்சரிக்கக் கேட்டது எனக்கு வருத்தமாக இருந்தது. பக்தியில் குரல் உயர்வதை நான் அறிவேன், தேர் நிலைக்கு வரும்போது மன்னார்குடியில் கேட்டிருக்கிறேன். இது வேறு யாரையோ பார்த்துக் கத்தியது.

அந்த வருடம் என் வகுப்பில் ஒரு சிறுவன் இருந்தான். சீனாவிலிருந்து வந்து சில மாதம் ஆன குடும்பம். உறுதிமொழியை எழுத்துக்கூட்டி அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என் பொறுப்பு. 'அலீஜியன்ஸ்', 'ரிபப்ளிக்', 'இன்டிவிசிபிள்' எல்லாம் வாயில் நுழைந்துவிட்டன. 'காட்' சுலபமான சொல், அதில்தான் நின்றான். இது யார் என்று கேட்டான். எல்லாரையும் படைத்தவர் என்று பலர் நம்புகிறார்கள் என்றேன். என் வீட்டில் அப்படி யாரும் இல்லை, நான் இதைச் சொன்னால் பொய்யா என்றான். சொல்ல வேண்டாம், அந்த இடத்தில் பேசாமல் இருக்கலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்று சட்டம் என்ன சொல்கிறதோ அதைச் சொன்னேன். அவன் சிறிது நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, "அப்போது நான் என்ன சொல்வது?" என்று கேட்டான்.

அதற்கு என்னிடம் பதில் இல்லை, ஏனென்றால் அந்தத் தாளில் பதில் இல்லை. மன்னார்குடி கோர்ட்டில் கிளார்க் விரலை நகர்த்திய அந்த இரண்டாவது வரி இங்கே கிடையாது. அப்பாவுக்கு மறுப்பதற்கு உரிமை மட்டும் கொடுக்கவில்லை, சொல்வதற்கு ஒரு வாசகமும் கொடுத்தார்கள். அதைச் சொல்லி அவர் மற்ற சாட்சிகளைப் போல ஒரு சாட்சியானார். இந்தப் பையனுக்குக் கிடைப்பது வாயை மூடிக்கொள்ளும் அனுமதி. ஏழு வயதுப் பிள்ளைக்கு மற்றவர்கள் சொல்லும்போது தான் மட்டும் சும்மா இருப்பது என்றால் என்ன என்று தீர்ப்பு எழுதுகிறவர்கள் ஒரு காலையாவது வகுப்பில் வந்து நின்று பார்க்க வேண்டும். அவன் கடைசியில் மற்றவர்களைப் பார்த்து வாயை மட்டும் அசைக்கக் கற்றுக்கொண்டான். உண்மையைப் பற்றிக் கவலைப்பட்டுக் கேள்வி கேட்ட பிள்ளை, நாட்டுக்கு வாக்குக் கொடுக்கும் இடத்தில் நடிக்கப் பழகினான். நாட்டுக்கு இதில் என்ன லாபம்? கடவுளுக்குத்தான் என்ன லாபம்?

2004 கோடையில் அப்பாவும் அம்மாவும் எங்களைப் பார்க்க வந்திருந்தார்கள். ஜூன் 14, கொடி நாள், பள்ளி மைதானத்தில் விழா. அப்பா முழுக்கைச் சட்டை போட்டு வந்து, கைகளைப் பக்கவாட்டில் வைத்து விறைப்பாக நின்றார், அவர் பள்ளியில் அந்த அக்காவும் தம்பியும் நின்ற மாதிரி. அன்றைக்கே நியூடோ வழக்கில் உச்சநீதிமன்றத் தீர்ப்பு வந்தது. நியூடோ தன் வழக்கைத் தானே வாதாடியிருந்தார். மகளுடைய பொறுப்பு முழுக்க அவரிடம் இல்லை, எனவே அவளுக்காக வழக்குத் தொடுக்க அவருக்குத் தகுதி இல்லை என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். அந்த இரண்டு சொல் சரியா தவறா என்பதற்குள் பெரும்பான்மை நீதிபதிகள் போகவே இல்லை. நான் செய்தியைப் படித்துச் சொன்னதும் அப்பா கோபப்பட்டார். "ஏம்மா, இத்தனை வருஷம் ஒரு மனுஷன் கேட்டதுக்கு, நீ கேக்கக் கூடாதுங்கிறதா பதில்?" என்றார். அன்றிரவு வெகுநேரம் உட்கார்ந்து பேசினோம். எடுத்துவிட வேண்டும் என்பது அவர் கருத்து. 1954-க்கு முன்னால் இருந்தபடியே போதும், ஒரு போதகர் எழுதியது, யாருக்கும் உறுத்தாது. எனக்கும் இப்போது அதுதான் கருத்து. அது நடக்காது என்றால், இரண்டாவது வரியாவது கொடுங்கள் என்பேன்.

இந்த நாட்டுக்கு அது தெரியாத வித்தையும் இல்லை. அதிபர் பதவியேற்கும் வாசகத்தை இவர்களுடைய சாசனமே எழுதி வைத்திருக்கிறது. அதில் ஆணையிடலாம், உறுதியும் கூறலாம். கடவுளைத் துணைக்கு அழைக்கும் கடைசிச் சொற்கள், அதிபர்கள் தாங்களாகச் சேர்த்துச் சொல்வது. எனக்கும் என் கணவருக்கும் குடியுரிமை வந்தபோது இதை நேரிலேயே பார்த்தோம். அவர் சாமி கும்பிடாதவர். ஆனால் அதைப் பற்றிப் பேசாதவர். நேர்காணலில் அதிகாரி, உறுதிமொழி வாசகத்தைப் படித்தீர்களா, ஆட்சேபம் உண்டா என்று கேட்டார். கடவுளின் துணை கேட்கும் முடிவு வரியை விட்டுவிட்டு உறுதி கூறுவதாகச் சொல்ல விரும்புகிறேன் என்றார் இவர். விதியில் அதற்கு இடம் இருக்கிறது, மனச்சாட்சிக் காரணம் போதும். அந்த அம்மாள் தாளில் ஒரு குறிப்பு எழுதினார். ஒரு விளக்கமும் கேட்கவில்லை.

நுவார்க்கில் கூட்டாட்சி அரசுக் கட்டடத்தில் விழா. பெரிய கூடம், பல தேசத்து முகங்கள், ஆளுக்கொரு சின்னக் காகிதக் கொடி. கை தூக்கி உறுதிமொழி எடுத்தோம். நான் கடவுளைத் துணைக்கு அழைத்து முடித்தேன். கண்ணில் நீர் வந்துவிட்டது, உண்மையில் மனதில் பெருமாளைத்தான் நினைத்தேன். பக்கத்தில் அவர் அந்த வரியில்லாமல் முடித்தார். சட்டப்படி இரண்டும் ஒன்றுதான், ஒரே மாதிரி சான்றிதழ்தான் இருவருக்கும் கொடுத்தார்கள்.

அதற்கு அடுத்த நிமிடம், எல்லாரும் கொடியைப் பார்த்துத் திரும்புங்கள், உறுதிமொழி சொல்வோம் என்றார்கள். நான் தினமும் காலையில் சொல்லும் அதே 31 சொல். 'ஒன் நேஷன்' வந்தது. இவர் வாயை மூடிக்கொண்டார். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்தார். சற்று முன்பு இந்த மனிதர் சொன்ன மாற்று வாசகத்தை இதே அரசாங்கம், இதே கூடத்தில், முழு மனதாக ஏற்றுக்கொண்டிருந்தது. வளர்ந்தவர்களுக்குச் சட்டப்படி கொடுத்த மரியாதையைக் குழந்தைகளின் உறுதிமொழியில் ஏன் கொடுக்கவில்லை என்று அந்த இடத்தில் நின்றுகொண்டு நினைத்தேன். நானும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லவில்லை. அன்றிலிருந்து இன்றுவரை சொல்லவில்லை. நம்பிக்கை உள்ளவர்களும் சில பேர் அந்த இடத்தில் பேசாமல் நின்றால், பேசாமல் நிற்கிற பிள்ளை தனியாகத் தெரியமாட்டான்.

அன்று இரவு மன்னார்குடிக்குப் போன் போட்டோம். அப்பா முதலில் மாப்பிள்ளையிடம்தான் பேசினார். பிறகு என்னிடம், அந்த விதியை வரிக்கு வரி படிக்கச் சொல்லித் தமிழில் எழுதிக்கொண்டார். பகுத்தறிவாளர் கழகக் கூட்டத்தில் பேச வேண்டும் என்றார். அம்மா போனை வாங்கிக்கொண்டாள்.

"நீ சாமி பேரைச் சொன்னியா?"

"சொன்னேம்மா."

"அவரு?"

"அவங்க சொல்லல. உறுதி கூறுறேன்னு சொன்னாங்க."

"அதுக்கும் ஒத்துக்கிட்டாங்களா?"

"ஒத்துக்கிட்டாங்கம்மா."

"அப்ப நல்ல ஊருதான்" என்றவள், அங்கே பாயசம் வைத்தாயா என்று கேட்டாள்.